வலது கண்ணால் ஒருமுறை

ஆபீசர்ஸ் லைனில் மாடிக் கடை.
சுவர் முழுக்க ஒரே கிளி,
பதினேழு டிவியில் ஒரே நேரத்தில் தலை திருப்புகிறது.
பச்சை மட்டும் பதினேழு.

வலது கண்ணில் புரை எடுத்து இருபத்து மூன்று நாள்.
இடது கண்ணுக்கு ஆவணியில் தேதி.
நடுவில் புனிதவதிக்கு டிவி வேண்டும்.
வீட்டில் இருப்பது மேல்பாதி போய்விட்டது,
சீரியலில் எல்லோரும் மூக்குக்குக் கீழேதான் அழுகிறார்கள்.

தௌபீக் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
மூச்சு விடாமல் சொல்கிறான்:
"இது எல்இடி சார். பின்னால விளக்கு எப்பவும் எரியும்.
முன்னால இருக்கறது கதவு மாதிரி, திறக்கும் மூடும்.
பக்கத்துல கியூஎல்இடி. அதே விளக்குதான், கலர் தூக்கல்.
ஹால்ல வெயில் வந்தா இதான் நிக்கும்."

வெயில் வராத ஹால் எங்கள் பக்கம் ஏது?
சத்துவாச்சாரி மலை பகலெல்லாம் வாங்கியதை
சாயங்காலம் வட்டியோடு ஜன்னலில் கொட்டும்.

"இது ஓஎல்இடி. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு.
கறுப்புன்னா நெஜமாவே அணைஞ்சிடும் சார்,
மூடிக்கிட்டு உக்காராது."

விலையைப் பார்த்தேன்.
இடது கண், அதற்கு லென்ஸ், ஒரு மாசச் சொட்டு மருந்து,
இரண்டு பேருக்கும் போக வர ஆட்டோ,
எல்லாம் போட்டாலும் மிச்சம் இருந்தது அதில்.

கிளி போய் ராத்திரி வந்தது.
ஏதோ பனி தேசம். வானம். நட்சத்திரம்.
வலது கையால் வலது கண்ணைப் பொத்தினேன்.
எல்இடி கறுப்பு. ஓஎல்இடி கறுப்பு.
இதுக்கா மூணு மடங்கு?

கை மாற்றினேன்.

ஓஎல்இடி கறுப்பாகவே இருந்தது.
பக்கத்தில் இருந்தது நீலம்.
கருநீலம், ஓரங்களில் கசிகிற நீலம்.
மறுபடி பொத்தினேன். கறுப்பு. எடுத்தேன். நீலம்.

"இன்னா, கண்ணு உறுத்துதா?" என்றாள் புனிதவதி.

முப்பத்தோரு வருஷம் ராணிப்பேட்டையில்
தோலுக்கு ஷேடு பார்க்கிறேன்.
வடக்கு ஜன்னல், மாதிரித் துண்டு, என் கண்.
நான் முத்திரை குத்தினால்தான் பெட்டி கட்டுவார்கள்.
போன வருஷம் கறுப்பு ஆர்டர் ஒன்று
கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வந்தது.
நாற்பது கட்டில் ஆறு கட்டு கருநீலம்.
'நான் பார்த்தப்ப கறுப்பு. அப்புறம் எவனோ கலந்துட்டான்' என்றேன்.
கட்டுக் கட்டுகிறவன் முனிரத்தினம்.
"நீங்க பாத்ததைத்தான் சார் கட்டினேன்" என்றான்
ஒரே ஒரு தரம்.
மேலாளர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இப்போது காட்பாடி ரயிலடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானாம்.

"எது சார் முடிவு?"
தௌபீக் ரிமோட்டோடு நிற்கிறான்.
கடையில் எல்லாமே விவிட் மோடில்தான் ஓடும்,
வீட்டில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம் என்கிறான்.
எல்இடியே போதும் என்றேன். நாற்பத்து மூன்று இஞ்ச்.
"நீ சொன்னா சரி, கலர் பாக்கறவராச்சே" என்றாள் இவள்.
சிரிக்கத்தான் சொன்னாள்.

பில் போடும்போது பையன் கேட்டான்,
நம்ம வண்டி நாளைக்குத்தான் வரும்,
இன்னிக்கே வேணும்னா உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டோ இருக்கா சார்?

வெளியே வந்தேன்.
சித்திரை வெயில். செல்போனில் ஒன்றும் தெரியவில்லை,
என் தாடைதான் தெரிந்தது கண்ணாடி மாதிரி.
உள்ளங்கையைக் குவித்து நிழல் கட்டி
'மு'வில் தேடுகிறேன்.
முத்து பிளம்பர்.
முருகன் கேஸ்.
இடது கண்ணை மூடிக்கொண்டு
இன்னும் கொஞ்சம் கீழே.